எல்லாம் நரம்புதானா?

உங்கள் வீட்டிலும் தெருவிலும் ‘நரம்பு’ என்ற சொல் ஒரு வாரத்தில் எத்தனை பொருளில் புழங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாட்டியின் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிந்து நிற்பது ‘நரம்புச் சுருட்டல்’. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் கையில் குளுக்கோஸ் ஏற்றினால் ‘நரம்பிலே ஊசி போட்டார்கள்’ என்கிறோம். கோபத்தில் கத்துகிறவரின் கழுத்தில் ‘நரம்பு புடைக்கிறது’. கால் மரத்துப் போனால் ‘நரம்புத் தளர்ச்சி’. கழுத்தைத் திருப்ப முடியாவிட்டால் ‘நரம்பு பிசகிவிட்டது’. மூளைக்குச் செய்தி கொண்டு செல்வதும் நரம்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்.

இவற்றுள் முதல் மூன்றும் இரத்தக் குழாய்கள். நான்காவது நரம்பாகவும் இருக்கலாம், குழாயாகவும் இருக்கலாம். ஐந்தாவது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. கடைசியில் சொன்னது ஒன்றே ஐயமின்றி நரம்பு. இத்தனைக்கும் நாம் வைத்திருப்பது ஒரே ஒரு சொல்.

பேச்சு வழக்குத்தானே, இதில் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். வெறும் பேச்சோடு நின்றுவிட்டால் கேடில்லை. ஆனால் நோயாளி சொல்லும் சொல்லை வைத்தே அவர் எந்தக் கடைக்குப் போகிறார், எந்த மருத்துவரைத் தேடுகிறார், எத்தனை மாதம் காத்திருக்கிறார் என்பதெல்லாம் முடிவாகின்றன. சொல் தவறினால் வழி தவறுகிறது. வழி தவறினால் சிலருக்குக் காலே போய்விடுகிறது. இது மிகையன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழிலிருந்து உடலுக்கு

முதலில் இந்தச் சொல்லுக்கு நியாயம் செய்துவிடுவோம். பழந்தமிழில் நரம்பு என்றால் யாழின் தந்தி. புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலைக்குப் போயிருப்பவர்கள், அங்கே கோயிலை ஒட்டிய பாறையில் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நரம்புக் கருவிகள் இந்த மண்ணில் அவ்வளவு சிறப்புற்றிருந்தன. இழுத்துக் கட்டிய தந்தி போல் உடலில் எது தென்பட்டாலும் அதற்கும் நரம்பு என்றே பெயரிட்டார்கள் முன்னோர். தோலுக்கடியில் ஓடும் நீலக் குழாயும் தந்தி போலத்தான் இருக்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாணும் அப்படித்தான். தோலுக்கடியிலிருந்து நூல்போல் வெளிவரும் கினிப் புழுவுக்குக்கூட ‘நரம்புச் சிலந்தி’ என்று பெயர் வைத்தார்கள். (அந்நோய் கடைசியாக 1996இல் காணப்பட்டு, 2000இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.)

இது தமிழர்க்கு மட்டும் உரிய குழப்பமும் அன்று. பழைய கிரேக்க மொழியில் நரம்பைக் குறிக்கும் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. செத்த உடலை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் வெறுமையாக இருந்ததைக் கண்டு, அவற்றில் காற்றுதான் ஓடுகிறது என்று நம்பிய கிரேக்க அறிஞர்களும் உண்டு. உயிரோடிருக்கும் உடலின் தமனிகளில் ஓடுவது இரத்தமே என்று காலன் சோதனை செய்து காட்ட வேண்டியிருந்தது. ஆக, எல்லா மொழிகளும் இங்கேதான் தொடங்கின. பிற மொழிகளில் காலப்போக்கில் பொருள்கள் பிரிந்தன. நம் பேச்சில் இன்னும் பிரியவில்லை. குறை அவ்வளவே.

நம் பாடநூலும் இதற்குத் துணை போகிறது. தாவரவியல் பாடத்தில் ‘இலை நரம்பமைவு’ என்று படிக்கிறோம். வலைப்பின்னல் நரம்பமைவு, இணைப்போக்கு நரம்பமைவு என்று வகை பிரித்துப் படமும் வரைகிறோம். அந்த நரம்புகள் இலையில் செய்வதென்ன? நீரையும் உணவையும் கடத்துகின்றன. அதாவது, குழாயின் வேலை. சில பாடங்கள் தள்ளி விலங்கியலுக்கு வந்தால், நரம்பு செய்தி கடத்துகிறது. இலையில் குழாய், உடலில் கம்பி, இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டும் வேறு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பிழை தீர்ந்திருக்கும்.

குழாய் எது, கம்பி எது?

இப்போது பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போகும் குழாய் தமனி. திரும்பக் கொண்டு வரும் குழாய் சிரை. இவ்விரண்டையும் இணைக்கும், மயிரினும் நுண்ணிய குழாய்கள் தந்துகிகள். தமனி தடித்த சுவருள்ளது, ஆழத்தில் ஓடுவது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தானும் துடிப்பது. மணிக்கட்டில் நாடி பார்க்கிறார்களே, அந்த இடத்தில் தட்டுவது தமனி. சிரை மெல்லிய சுவருள்ளது, துடிப்பதில்லை, தோலுக்கடியில் நீலமாகத் தெரிவது. நரம்போ குழாயே அன்று. உள்ளே இரத்தம் ஓடாத, செய்தி கடத்தும் வெண்ணிறக் கம்பி. நீங்கள் தோலின்மேல் நரம்பு என்று சுட்டிக் காட்டும் நீலக் கோடு எதுவும் நரம்பு அன்று.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்னங்கையில் நன்கு தெரியும் நீலக் கோட்டின் மணிக்கட்டுப் பக்கத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, அவ்விரலை எடுத்துவிடுங்கள். வழித்த இடத்தில் கோடு மறைந்துவிடும். மேலிருந்து இரத்தம் இறங்கி அதை நிரப்பாது. அழுத்திய முதல் விரலை எடுங்கள். உடனே கீழிருந்து நிரம்பும். சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதே காரணம். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவிய வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் காட்டிய சோதனை இதுவே. ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆகியும் இது நம் நாட்டுப் பேச்சை வந்து எட்டவில்லை.

ஒரு கொத்தனாரின் கால்

அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 55. முப்பது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர். சர்க்கரையும் உண்டு. சில மாதங்களாகச் சந்தைக்கு நடந்து போகும்போது வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. அவர் வீட்டில் என்ன சொல்வார்? ‘நரம்பு இழுக்குது’ என்பார்.

அந்தச் சொல் அவரை எங்கெல்லாம் அழைத்துப் போகிறது, பாருங்கள். முதலில் மருந்துக்கடைக்குப் போய் ‘நரம்புக்கு மாத்திரை’ கேட்கிறார். சத்து மாத்திரை கிடைக்கிறது. அடுத்து எண்ணெய் தேய்ப்பவரிடம் போகிறார். பிறகு ‘நரம்பு ஊசி’ பத்துப் போட்டுக்கொள்கிறார். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. இப்போது படுத்தால் பாதம் எரிகிறது. இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி உட்கார்ந்தே தூங்குகிறார். ‘நரம்புச் சூடு’ என்கிறார்கள். ஒருநாள் பெருவிரல் கருக்கிறது. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி.

அவருக்கு வந்தது நரம்பு நோயே அன்று. தொடைத் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து குழாய் குறுகிவிட்டது. நிற்கும்போது தசைக்கு வேண்டிய அளவு இரத்தம் எப்படியோ போய்ச் சேருகிறது. நடந்தால் தசைக்குப் பல மடங்கு இரத்தம் வேண்டும். குறுகிய குழாய் அதைத் தர இயலாது. தசை வலியால் கூவுகிறது. நோய் முற்றினால் சும்மா படுத்திருக்கும்போதும் போதுமான இரத்தம் வராது. காலைத் தொங்கவிட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் இரத்தத்தை இறக்கித் தருவதால் வலி தணிகிறது. அதற்கடுத்த கட்டம் அழுகல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘இருதயத்தில் அடைப்பு’ என்றால் இன்று கிராமத்துத் தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் புரிகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் ‘நரம்பு இழுக்கிறது’ என்று யாரும் எண்ணெய் தேய்ப்பதில்லை, வண்டியைக் கூப்பிடுகிறார்கள். அதே அடைப்பு காலில் வந்தால் மட்டும் நரம்பாகிவிடுகிறது. நெஞ்சுக்குச் சரியான சொல் கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை. நோய் ஒன்றே, குழாய் வேறு, அவ்வளவுதான். காலில் அடைப்பு உள்ளவருக்கு இருதயக் குழாயிலும் மூளைக் குழாயிலும் அடைப்பு வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், கால் வலியைக் கவனிப்பது உயிரைக் கவனிப்பதாகவும் ஆகும்.

ஒரு சொல், எதிரெதிர் மருத்துவம்

‘நரம்பு’ என்ற சொல்லின் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இனித்தான் வருகிறது. அது இரண்டு நோய்களை ஒன்றாக்குகிறது. அந்த இரண்டுக்கும் மருத்துவம் நேர் எதிரானது.

பாட்டியின் ‘நரம்புச் சுருட்டல்’ சிரையின் நோய். மேலே சோதித்தோமே, அந்த வால்வுகள் பழுதானால் ஏறிய இரத்தம் திரும்ப இறங்கித் தேங்குகிறது. குழாய் புடைத்துச் சுருள்கிறது. மாலையில் கால் கனக்கிறது, வீங்குகிறது. கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, அரித்து, ஆறாத புண்ணாகிறது. நாள் முழுதும் நின்று வேலை செய்வோர் அதிகம் தொல்லைப்படுகிறார்கள். துணிக்கடையில் நிற்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்ததற்குப் பின்னால் இந்தக் கால்களின் வேதனையும் இருக்கிறது.

இந்த நோய்க்குக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கீழிருந்து மேலாக இறுக்கமான கட்டோ காலுறையோ போட வேண்டும். அந்த அழுத்தமே மருந்து. அதனால்தான் பல ஆண்டுப் புண்ணும் ஆறுகிறது.

கொத்தனாரின் நோய்க்கு இதையே செய்தால்? ஏற்கெனவே இரத்தம் போகாத காலை உயர்த்தினால் வலி கூடும். இறுக்கிக் கட்டினால் மிச்சமிருக்கும் ஓட்டமும் நின்றுபோகும். பாட்டிக்கு உயிர் தரும் கட்டு, கொத்தனாருக்குக் காலைப் பறிக்கும் கயிறு. ஆனால் இரண்டு பேரும் ‘நரம்பு நோய்’க்காரர்கள்! அக்கம்பக்கத்தார் ஒருவர்க்குக் கேட்டதை மற்றவர்க்குச் சொல்கிறார்கள். ‘எனக்கு இந்தக் காலுறையில்தான் நரம்பு சரியானது, நீயும் போட்டுக்கொள்’ என்று அன்போடு சொல்லும் அறிவுரை எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள். வெந்நீர் ஒற்றடமும் அவ்வாறே. இரத்தமும் உணர்ச்சியும் குறைந்த பாதத்தில் அது கொப்புளமாகிப் புண்ணாகும்.

ஆகவே கால் வலி என்று வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளியது. காலை உயர்த்தினால் சுகமா, தொங்கவிட்டால் சுகமா? உயர்த்தினால் சுகம் என்றால் சிரையை நினைக்க வேண்டும். தொங்கவிட்டால் சுகம் என்றால் தமனியை நினைக்க வேண்டும். இடுப்பிலிருந்து மின்னல் போல் இறங்கி, குனிந்தாலும் இருமினாலும் கூடும் வலி என்றால் நரம்பு. இரண்டு பாதங்களும் காலுறை போட்டது போல் மரத்து எரிந்தால் சர்க்கரையால் வந்த நரம்புக் கேடு. ஒரே கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், குறிப்பாக மகப்பேறு, அறுவை, நெடுநாள் படுக்கை இவற்றுக்குப் பின், ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்த உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே கேடு. அதை ஒரு நாளும் தேய்த்துவிடக் கூடாது. இக்கேள்விகள் நோயை முடிவு செய்துவிடா. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு நரம்பும் கெடுகிறது, குழாயும் கெடுகிறது. நரம்பு கெட்டதால் குழாய் கெட்ட வலி தெரியாமலே போகலாம். இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்ற ஆய்வு காட்டியது. அவர்கள் தினமும் பாதத்தைப் பார்ப்பது, முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் பழக்கமாக வேண்டும்.

கண்டறிவது எப்படி?

நோயைக் கண்டறிய முதலில் வேண்டியவை இரண்டு விரல்கள். பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலின் பின்புறத்திலும் தமனியின் துடிப்பு தென்படும். மேற்புறத் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது. ஆகவே இரண்டு இடத்தையும், இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, கையில் அழுத்தம் பார்ப்பது போலக் கணுக்காலிலும் பார்ப்பது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1 வர வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் வழியில் அடைப்பு. 0.4க்குக் கீழே இறங்கினால் கால் பெரும் ஆபத்தில் இருக்கிறது. கையில் 140, கணுக்காலில் 70 என்றால் விகிதம் 0.5. இதற்கு வேண்டியது ஓர் அழுத்தமானியும் கையடக்க டாப்ளர் கருவியும்தான். (சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் சுண்ணம் ஏறிக் கெட்டிப்பட்டால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.)

டாப்ளர் என்பது ஒலியின் விந்தை. நம்மை நோக்கி வரும் பேருந்தின் ஒலிப்பான் ஓசை கூர்மையாகவும், கடந்து போனதும் மந்தமாகவும் கேட்கிறதல்லவா? ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியிலும் அதே மாற்றம் உண்டு. அதைக்கொண்டு ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் வலியின்றி அறிகிறார்கள். சிரை வால்வு பழுதா, ஆழத்தில் உறைகட்டியா, தமனியில் எங்கே அடைப்பு என்பதெல்லாம் தெரிந்துவிடும். அறுவை செய்ய வேண்டுமென்றால், மாறுபட்ட நிறமூட்டும் மருந்தைக் குழாயில் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராம். மூளைக் குழாய்களை இவ்வாறு முதலில் படம் பிடித்தவர் போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ், ஆண்டு 1927.

மருந்தும் கத்தியும்

தமனி அடைப்புக்கு முதல் மருந்து கடையில் விற்பதன்று, பீடியை அணைப்பது. இளம் வயதிலேயே கை கால் விரல்களின் சிறு குழாய்களை அடைக்கும் ‘பர்கர் நோய்’ முற்றிலும் புகையிலையோடு கட்டுண்டது. லியோ பர்கர் 1908இல் விவரித்த இந்நோய் நம் நாட்டில் பீடி பிடிப்போரிடம் மிகுதி. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புகையை விட்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கே பின்னால் உறுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. விடாதவர்களில் நூற்றுக்கு 40க்கு மேல். இவ்வளவு வேறுபாடு காட்டும் மாத்திரை எதுவும் இல்லை.

அதன்பின் நடைப் பயிற்சி: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. நாள்தோறும் செய்தால் சுற்றுவழிக் குழாய்கள் ஈடுகொடுக்கப் பழகி, நடக்கும் தூரம் கூடும். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் வகை மருந்துகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் தருவார். சிரையில் உறைந்த இரத்தத்துக்கு ஹெப்பாரின், வார்பரின் போன்ற உறைவெதிர் மருந்துகள். இவை அளவு தவறினால் இரத்தம் கசியும். தானே வாங்கித் தின்னும் மருந்துகள் அல்ல.

மருந்தால் தீராதபோது கத்தி. இரத்தக் குழாயைத் தைக்க முடியும் என்பதே நூறாண்டுக்கு முன் நம்ப முடியாத செய்தி. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ, லியோன் நகரில் குத்தப்பட்டு, அறுந்த சிரையைத் தைக்க வழியின்றி இறந்தார். அவ்வூர் மாணவராயிருந்த அலெக்சிஸ் கார்ரெல் அதை மனத்தில் கொண்டு, பூத்தையல் வேலை செய்யும் பெண்ணிடம் மெல்லிய ஊசியும் நூலும் கையாளக் கற்று, குழாய்களை ஒழுகாமல் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதும் அதே 1912தான்.

1948இல் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைபட்ட தமனிக்கு மாற்றுப் பாதையாகத் தைத்தார். அதுதான் பைபாஸ். சிரையில் ஒருவழி வால்வுகள் உண்டல்லவா? எனவே அதைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் கதவுகளே இரத்தத்தை மறிக்கும். ‘காலிலிருந்து நரம்பெடுத்து இருதயத்தில் வைத்தார்கள்’ என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்த நரம்பும் இதே சிரைதான்.

கத்தியே வேண்டாத வழியும் பிறந்தது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், விரல்கள் அழுகிய 82 வயது மூதாட்டி காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், தமனிக்குள் மெல்லிய குழல்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செலுத்தி, குறுகிய இடத்தை விரித்தார். கால் பிழைத்தது. அம்மூதாட்டி மேலும் இரண்டரை ஆண்டு சொந்தக் காலிலேயே நடந்து மறைந்தார். 1974இல் கிரண்ட்சிக் இம்முறைக்குப் பலூன் சேர்த்தார். பிறகே அது இருதயத்துக்குப் போயிற்று. ஆம், இருதய ஆஞ்சியோபிளாஸ்டியின் மூத்த அக்காள் கால் ஆஞ்சியோபிளாஸ்டி! நாம் தங்கையை அறிவோம், அக்காளை அறியோம்.

சிரைச் சுருளுக்கோ, பழுதான சிரையைக் கட்டி எடுப்பதும், லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே மூடிவிடுவதும் வழக்கம். காலை எடுப்பதும் சில வேளைகளில் உயிரைக் காக்கும் மருத்துவமே. அதைத் தோல்வி என்று தூற்றக் கூடாது. தவிர்த்திருக்கக்கூடிய காலை எடுப்பதுதான் தோல்வி. அத்தோல்வி அறுவைக் கூடத்தில் நேர்வதன்று. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நேர்வது.

ஆறு மணி நேரம்

ஆறு மாதமல்ல, ஆறு மணி நேரமே கிடைக்கும் நிலையும் உண்டு. இருதயத்தில் உருவான உறைகட்டி ஓடி வந்து கால் தமனியைத் திடீரென அடைத்தால், கால் வெளுத்துக் குளிர்ந்து, துடிப்பற்று, மரத்து, அசைக்க முடியாமல் போகும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் ஓட்டம் திரும்பாவிட்டால் தசை மடியத் தொடங்கும். 1960களின் தொடக்கத்தில் தாமஸ் போகார்ட்டி, அறுவைக் கையுறையின் விரல் நுனியைச் சிறு குழலில் கட்டிச் செய்த பலூன், இத்தகைய கட்டிகளை இழுத்தெடுக்க இன்றும் உதவுகிறது. ஆனால் நேரத்துக்கு வந்தால்தான்.

மணமேல்குடிக் கடற்கரையிலோ விராலிமலைப் பக்கத்துச் சிற்றூரிலோ இருப்பவருக்கு இந்த ஆறு மணி நேரம் எப்படிக் கழியும்? ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று எண்ணெய் தேய்ப்பதில் இரண்டு மணி போய்விடும். விடியட்டும் என்று காத்திருப்பதில் மீதியும் போய்விடும். ‘குழாய் அடைத்துவிட்டது’ என்று அறிந்தவரோ உடனே 108ஐ அழைப்பார். தச்சன்குறிச்சி போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டில் காளைக் கொம்பு தொடை இடுக்கில் பாய்ந்தாலும் இதே கணக்குத்தான். அங்கே பெருந்தமனி ஓடுகிறது. சுத்தமான துணியால் காயத்தின்மேல் விடாது அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நஞ்சைத் தடுக்காது. தமனியை அடைத்துக் காலைக் கெடுக்கும்.

வழியில்லை என்று இன்று சொல்வதற்கில்லை. புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரத்தக்குழாய் அறுவைக்கெனத் தனித்துறையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இத்தகைய அறுவைகளுக்கு உதவுகிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. கதவுகள் இருக்கின்றன, தட்டுவதற்குச் சொல்தான் இல்லை.

யார் குற்றம்?

மக்கள் மீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். கற்றவர்கள் கொடுக்காத சொல்லை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

முதல் குற்றவாளிகள் என்னைப் போன்ற எழுத்தாளர்களே. ‘தமனி’, ‘சிரை’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். இவை இரண்டும் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும் சொற்கள். இதில் இன்னொரு வேடிக்கை: இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் தமனிக்கு ‘நாடி’, சிரைக்கு ‘நாளம்’. நாமோ எல்லாக் குழாய்க்கும் ‘இரத்த நாளம்’ என்கிறோம். அறிஞர்க்கே இவ்வளவு குழப்பம் என்றால் நோயாளி நரம்பிலேயே நின்றுவிட்டதில் வியப்பில்லை. மறுபக்கம், இதழ்களில் வரும் நலவாழ்வுக் குறிப்புகள் ‘கால் வலியா? நரம்புக்கு வலுவூட்டும் பத்து உணவுகள்’ என்று தலைப்பிடுகின்றன. எந்தக் கால் வலி என்று ஒரு வரி கேட்பதில்லை.

இரண்டாமவர், ‘நரம்புத் தளர்ச்சி’யை விற்றுப் பிழைக்கும் விளம்பரக்காரர். பொருள் தெளிவில்லாத சொல் அவருக்கு மூலதனம்.

மூன்றாமவர் மருத்துவர்களில் ஒரு சாரார். நோயாளி ‘நரம்பு’ என்றதும் தாமும் ‘ஆமாம், நரம்புதான்’ என்று ஒத்துக்கொண்டு சத்து ஊசி எழுதுபவர். பேச்சை எளிமையாக்க அவர் அப்படிச் சொல்லலாம். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் இரண்டு விரல் வைக்க ஒரு நிமிடம் போதுமே!

‘மக்கள் மொழியை மாற்ற நீ யார்? வாழும் சொல்லைக் கொல்வதா?’ என்று சிலர் கேட்கக்கூடும். நரம்பைக் கொல்லச் சொல்லவில்லை. யாழில் இருக்கட்டும், இலையில் இருக்கட்டும், செய்தி கடத்தும் கம்பிக்கும் இருக்கட்டும். இரத்தம் ஓடும் இடத்தில் மட்டும் ‘இரத்தக்குழாய்’ என்று சொல்வோம். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் எவருக்கும் குழாய் அடைத்தால் என்னவாகும், குழாய் ஒழுகினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ‘போகும் குழாய்’, ‘வரும் குழாய்’ என்று இரண்டாகப் பிரித்தால் போதும். தமனியும் சிரையும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இருதயத்துக்கு ‘அடைப்பு’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட மக்கள் காலுக்கும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் காலைப் பிடித்துக்கொண்டு ‘நரம்பு இழுக்குது’ என்றால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘காலைத் தூக்கி வைத்தால் சுகமா இருக்கா, தொங்கவிட்டால் சுகமா இருக்கா?’ பிறகு குனிந்து பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒன்றுபோல் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, துடிப்புத் தட்டுகிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கே போய் ‘நரம்பு’ என்று சொல்லாதீர்கள். ‘காலுக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பாருங்கள், ஐயா’ என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.